அர்த்தம் தெரிகிறது, வாக்கியத்தில் வைத்தால் தப்பாகிறது. என்ன செய்யலாம்?

மழைத்துளி:
எட்டு மாதமாகத் தினமும் மூன்று ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி வருகிறேன். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அகராதி அர்த்தம். எழுநூறை நெருங்கிவிட்டது. யார் கேட்டாலும் அர்த்தத்தை உடனே சொல்லிவிடுவேன். எழுதும்போதுதான் சறுக்குகிறது.

போன வாரம் ஓய்வுபெறும் மூத்தவர் ஒருவருக்கு அலுவலகத்தில் வாழ்த்து மடல் எழுதினேன். அவருடைய பொறுமை எல்லோரும் அறிந்தது என்று சொல்ல நினைத்து ‘நோட்டோரியஸ் ஃபார் ஹிஸ் பேஷன்ஸ்’ என்று எழுதிவிட்டேன். அனுப்பும் முன் பக்கத்து மேசைத் தோழி பார்த்ததால் தப்பித்தது. என் நோட்டில் அந்தச் சொல்லுக்கு ‘பரவலாக அறியப்பட்ட’ என்றுதான் இருக்கிறது. இதில் எங்கே தப்பு? அன்றைக்கு இரவெல்லாம் மனசு கஷ்டமாக இருந்தது.

சிவப்புமை:
தப்பில்லை, பாதிதான் இருக்கிறது. கெட்ட விஷயத்துக்குப் பரவலாக அறியப்பட்டவரைத்தான் ‘நோட்டோரியஸ்’ என்பார்கள். பிழைதிருத்துவது என் வேலை, இந்த வகைத் தவறு அடிக்கடி கண்ணில் படும்.

தமிழிலேயே பாருங்கள். ‘நேர்ந்தது’, ‘வாய்த்தது’ இரண்டுமே ஒன்று நமக்கு நடந்ததைத்தான் சொல்கின்றன. ஆனால் விபத்து நேரும், நல்ல நண்பர் வாய்ப்பார். ‘விபத்து வாய்த்தது’ என்று நாம் யாரும் எழுத மாட்டோம். இதை யாரும் நமக்கு அர்த்தம் சொல்லித் தரவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்தில் அந்தக் கேள்விஞானம் நமக்குக் குறைவு. அதை ஈடுகட்டுவது எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான்.

ஒரு சொல்லை அதன் சேர்க்கையைக் கொண்டு அறியலாம் என்று மொழியியலாளர் ஃபிர்த் 1957ல் எழுதினார். 1987ல் வந்த கோபில்டு என்ற ஆங்கில அகராதி இதையே செய்து காட்டியது. விளக்கத்தையே முழு வாக்கியமாகக் கொடுத்தது. எடுத்துக்காட்டுகளும் மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய வரிகளிலிருந்து வந்தவை.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சொல்லுக்கு மூன்று வாக்கியம் படித்து, முன்னும் பின்னும் வரும் சொற்களை மட்டும் வேறு மையில் எழுதுங்கள். நோட்டோரியஸ் பக்கத்தில் ‘கிரிமினல்’, ‘கேங்’ என்றும், ‘நோட்டோரியஸ் ஃபார்’ பக்கத்தில் ‘டிலேஸ்’ (தாமதங்கள்), ‘குருவல்ட்டி’ (கொடுமை) என்றும் இருந்திருந்தால், பொறுமையை அங்கே சேர்க்க உங்களுக்குக் கையே வந்திருக்காது. ‘மிட்டிகேட்’ என்பதையும் பாருங்கள். ‘குறைத்தல்’ என்று மட்டும் படித்தவர்கள் எடையையும் விலையையும் மிட்டிகேட் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் வருவது ஆபத்து, பாதிப்பு, இழப்பு மாதிரி வேண்டாத சங்கதிகள்தான்.

பரல்:
சொல்லின் வேரையும் பாருங்கள், மறக்காது. ‘ஸ்க்ரூப்பிள்’ என்பதற்கு லத்தீன் மூலத்தில் கூரான சிறு கல் என்று பொருள். செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி மனசாட்சியை உறுத்துவது. ஆனால் வேரை மட்டும் நம்பவும் கூடாது. ‘மெட்டிகுலஸ்’ சொல்லின் லத்தீன் வேர் அச்சம், இன்றைய பொருளோ நுணுக்கமான கவனம்.

அட்டைப்பெட்டி:
சிவப்புமை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லுக்கு ஒரு அட்டை வைத்து, அட்டைகளைச் சில பெட்டிகளில் போட்டுப் படியுங்கள். அட்டையின் முன்பக்கம் சொல்லை எழுதாமல், அந்த இடத்தைக் காலியாக விட்டு வாக்கியத்தை எழுதுங்கள். சொல் பின்பக்கம் இருக்கட்டும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்கு, தவறினால் மறுபடி முதல் பெட்டிக்கு. 1972ல் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன முறை இது. அடுத்தடுத்த பெட்டிகளை இன்னும் அதிக நாள் இடைவெளி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. ‘நேர்ந்தது, வாய்த்தது’ படித்தவுடனே புரிந்துவிட்டது. நேற்று இருபது சொற்களைத் திரும்ப எடுத்தேன், ஏழுதான் முடிந்தது. அப்புறம் ஒரு சந்தேகம். ‘மெட்டிகுலஸ்’ எடுத்துக்காட்டுகளில் ‘பிளானிங்’, ‘ரெக்கார்ட்ஸ்’ வருகின்றன, ஆட்களுக்கும் வருகிறது. மூத்தவரின் மடலில் அவருடைய பதிவேடுகளைப் பற்றி எழுத இதைப் பயன்படுத்தலாமா?

சிவப்புமை:
தாராளமாக. ‘மெட்டிகுலஸ் ரெக்கார்ட்ஸ்’ என்றே எழுதுங்கள்.