பழைய லண்டன் கிளாரினெட் 650 வெள்ளி: மகளுக்கு வாங்கலாமா?

சிப்புட் அம்மா:

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகள் படிவம் இரண்டு, பள்ளி பேண்டில் கிளாரினெட் பழகுகிறாள். பள்ளியில் உள்ள கிளாரினெட்டை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி ஊதுகிறார்கள். வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்கிறார் ஆசிரியர்.

எங்கள் பழைய தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் ஒரு கிளாரினெட் இருக்கிறது. காலமான அவருடைய அண்ணன் போலீஸ் பேண்டில் வாசித்தது. பெட்டியைத் திறந்ததும் பூசண வாடை தூக்கியடிக்கிறது. விரலால் அழுத்தும் கீயெல்லாம் மங்கிக் கிடக்கிறது, துண்டுகளைப் பூட்டும் இடத்தில் உள்ள கார்க் தொட்டால் உதிர்கிறது. பூசி அண்ட் ஹாக்ஸ், லண்டன், எட்ஜ்வேர் என்று எழுத்து இருக்கிறது. "லண்டன் சாமான்மா, இனிமே கிடைக்காது" என்று 650 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். வீட்டுக்காரரோ, அதைவிடக் குறைவாக இணையத்தில் புதுசே வரும், ரீட் (வாய்ப்பக்கம் பொருத்தி ஊதும் நாணல் சீவல்), கையுறை எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள் என்கிறார். எனக்கு இதில் ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. எதைப் பார்த்து முடிவு பண்ணுவது?

கோலகங்சார் தம்பி:

அக்கா, பெயர் தெரியாத புதுசு மட்டும் வேண்டாம். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் வாங்கினோம். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஒரு கீ வளைந்தது, நிமிர்த்தப் போனால் முறிந்தே விட்டது. இதற்கு உதிரிக்கு நான் எங்கே போவேன் என்று ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார்.

ஈப்போ பேண்ட்காரர்:

தங்கச்சி, பூசி அண்ட் ஹாக்ஸ் நல்ல பெயருள்ள கருவிக் கம்பெனிதான். வடலண்டனில் எட்ஜ்வேர் என்ற இடத்தில் அவர்கள் தொழிற்சாலை இருந்தது, இந்த மாடலுக்கும் அந்தப் பெயர். அவர்கள் வரிசையில் ரீஜெண்ட் ஆரம்ப நிலைக்கு, எட்ஜ்வேர் அதற்கு ஒரு படி மேல், எம்பரர் இன்னும் மேல். 1010 என்பது தொழில்முறைக் கலைஞர்கள் வாசித்தது. ஆக, உங்களுடையது உருப்படியான மாணவர் கருவி, பொக்கிஷம் இல்லை. லண்டன் என்பதற்காக விலை ஏறாது. ரீஜெண்டும் லண்டன்தான்.

எழுத்தை விடுங்கள், முதலில் கீ அமைப்பைப் பாருங்கள். பள்ளியில் சொல்லித் தருவது போம் முறை: விரல் ஓட்டைகளைச் சுற்றி ஆறு வளையம், பதினேழு கீ, வலது கைச் சுண்டுவிரலுக்கு நான்கு கீ. சுண்டுவிரலுக்கு இரண்டே கீ, அவற்றுக்கு நடுவில் சின்ன உருளை என்று இருந்தால் அது பழைய ஆல்பர்ட் வகை. விரல் போடுவதே வேறு. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பெரியவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது சுருதி. கைப்பேசியில் சுருதி காட்டும் ட்யூனரை இன்றைய பொது அளவான ஏ=440க்கு வைத்து, மகளை எந்த ஓட்டையையும் மூடாமல் 'ஜி' ஊதச் சொல்லுங்கள். கிளாரினெட்டில் ஊதும் ஸ்வரத்தின் பெயரும் ட்யூனர் காட்டும் பெயரும் ஒன்றாக இருக்காது. எஃப் காட்டினால் அது பி பிளாட் கிளாரினெட், பேண்டுக்குச் சரி. ஈ காட்டினால் ஏ கிளாரினெட், பள்ளிக்கு உதவாது. எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில் தொங்கினால் ஜாக்கிரதை. பழைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் ஏ=452 அளவில் உயர்ந்த சுருதி வைத்து வாசித்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கருவிகள் இன்னும் பெட்டிகளில் தூங்குகின்றன, சிலவற்றில் எச்.பி. (ஹை பிட்ச், உயர்ந்த சுருதி) என்று முத்திரைகூட இருக்கும். வாய் வைக்கும் பகுதிக்கு அடுத்துள்ள குட்டித் துண்டான பேரலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டால் போதும் என்பார்கள். நம்பாதீர்கள். ஓட்டைகளின் இடைவெளியே வேறு, ஒரு ஸ்வரம் சேர்ந்தால் இன்னொன்று விலகும்.

காற்று கசிகிறதா என்று பார்க்க ஊதத் தெரிய வேண்டியதில்லை. மேல் துண்டைத் தனியாக எடுத்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, விரல் ஓட்டைகளை மூடிக்கொண்டு, மேல்பக்கம் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உதட்டைப் பிடித்துக்கொண்டு சில விநாடி நின்றால், கீக்கு அடியில் ஓட்டையை மூடும் மெத்தையான பேட் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. உடனே 'உஸ்' என்று விட்டுவிட்டால் பேட் போயிருக்கிறது, அல்லது மரம் வெடித்திருக்கிறது. அப்புறம் ஊசி மாதிரி இருக்கும் ஸ்பிரிங்குகளைப் பாருங்கள், நம் ஊர் ஈரத்துக்குத் துரு பிடித்து ஒடியும். மேல், கீழ் இரண்டு துண்டிலும் வரிசை எண் ஒன்றேதானா என்றும் பாருங்கள்.

கார்க் உதிர்வதைக் கண்டு பயப்படாதீர்கள், அது சின்ன வேலை. கார்க் இல்லாமல் ஆடினால் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சோதிக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உங்கள் பிள்ளை வாசிக்கப்போவது பள்ளி பேண்டில். விளையாட்டுப் போட்டி அணிவகுப்பு என்றால் திடலில் வெயிலில் நிற்க வேண்டும், மழை வந்தால் ஓட வேண்டும். எட்ஜ்வேர் மரத்தில் செய்தது, வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் வெடிக்கும். மாணவப் பிள்ளைக்கு பிளாஸ்டிக்தான் நல்லது என்பது என் கட்சி. பழைய யமஹா 250, பஃபே பி12, செல்மர் பண்டி இவற்றில் ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு... வேண்டாம், கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள்.

தைப்பிங் ரசிகன்:

ஐயா சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் வாசித்த கர்நாடக இசையைப் போட்டுக் காட்டுங்கள் அக்கா. பேண்டில் இருந்து கழன்றுவிட மாட்டாள்.

சிப்புட் அம்மா:

நன்றி ஐயா. நேற்று மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வளையம் ஆறு, சுண்டுவிரலுக்கு நான்கு கீ, எண்ணும் ஒன்றுதான். டேப் சுற்றி ஊதினாள், ட்யூனரில் எஃப்புக்குப் பக்கத்திலேயே நின்றது. ஆனால் மேல் துண்டு உறிஞ்சினால் நிற்கவே இல்லை. உச்சியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கீழே இறங்கி, பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டை வரைக்கும் போகிறது. மரத்தின் ரேகை என்கிறார் பெரியவர். பேடும் கார்க்கும் முழுக்க மாற்ற 350 ஆகும் என்று ஈப்போவில் ஒருவர் போனில் சொன்னார்.

ஈப்போ பேண்ட்காரர்:

நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ரேகை என்றால் வழுக்கிக்கொண்டு போகும், வெடிப்பு என்றால் நகம் தட்டும். ஒரு பக்கம் டார்ச் அடித்து உள்ளேயும் பாருங்கள், அங்கேயும் அதே கோடு தெரிந்தால் சந்தேகமே இல்லை. மரக் கிளாரினெட் வெடிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஒட்டலாம், குறுக்கே உலோக ஊசி வைத்து இறுக்கலாம், அதற்கப்புறம் பல வருஷம் ஓடும். ஆனால் ஓட்டையைத் தொட்ட வெடிப்புக்குச் செலவு தனி, 350இல் அது சேராது. என்னைக் கேட்டால் 250க்கு மேல் ஒரு காசு கொடுக்க மாட்டேன்.

சிப்புட் அம்மா:

நகம் தட்டுகிறது ஐயா. பெரியவர் 500க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார். அண்ணன் நினைவாக வைத்திருந்தது, கோபித்துக்கொள்ள முடியவில்லை. மகளுடைய ஆசிரியருக்குத் தெரிந்த பழைய மாணவி ஒருத்தி யமஹா 250 ஒன்றை 700க்குத் தருகிறாளாம். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.

ஈப்போ பேண்ட்காரர்:

அதைப் போய்ப் பாருங்கள். மகள் பள்ளியில் ஊதிப் பழகிய ரீடையே கொண்டு போங்கள். புது ரீட் போட்டால் கோளாறு ரீடிலா கருவியிலா என்று தெரியாது. அடி ஸ்வரமான ஈ ஊதச் சொல்லி, அப்படியே இடது கட்டைவிரல் கீயை மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். மேல் பி திணறாமல் வந்தால் பேடெல்லாம் ஒழுங்காக மூடுகிறது. ஊதும் முன் மவுத்பீஸைச் சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். கொதிநீர் படக்கூடாது, கடின ரப்பரில் செய்ததாக இருந்தால் பழுப்பேறிக் கந்தக வாடை அடிக்கும்.