பகுதி நூலகத்துக்குப் புதிய கட்டடம்: கருத்துக் கேட்பில் எவற்றை வலியுறுத்த வேண்டும்?

கேள்வி: குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பில், நெடுங்காலமாக வாடகைக் கட்டடத்தில் இயங்கிவரும் கிளை நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுப்புவதற்கு ஏறத்தாழ இரண்டு கிரவுண்டு நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தரைத்தளமும் முதல் தளமுமாக ஒரு முன்வரைவு தயாராகியுள்ளது. அடுத்த மாதம் குடியிருப்போரின் கருத்தைக் கேட்பதற்கான கூட்டம் நடைபெறவிருக்கிறது.

முன்வரைவின்படி நூல் அடுக்குகளும் நாளிதழ்ப் பகுதியும் தரைத்தளத்தில் அமைகின்றன. முதல் தளம் முழுவதும் போட்டித் தேர்வுகளுக்குப் படிப்போருக்கான கூடம். சிறுவர்களுக்குப் படிக்கட்டை ஒட்டி ஒரு மூலை. எனக்கு இரண்டு கவலைகள் உள்ளன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எங்கள் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. மீண்டும் அவ்வாறு நேர்ந்தால் தரைத்தளத்து நூல்கள் என்னாகும்? இரண்டாவதாக, இத்தகைய கூட்டங்களுக்குப் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள்தாம் வருகிறார்கள். நூலகத்தை அதிகம் பயன்படுத்த வேண்டிய பெண்களின் கருத்தையும் பிள்ளைகளின் கருத்தையும் எவ்வாறு திரட்டுவது? வண்ணப் பூச்சையும் பெயர்ப்பலகையையும் பற்றிப் பேசியே கூட்டம் முடிந்துவிடக் கூடாது என்று விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற கிளை நூலகர்

ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ஆகையால் இந்தக் கட்டடத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. அந்த உரிமையோடு கூட்டத்துக்குச் செல்லுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட முன்வரைவில் எனக்கு உறுத்துவது முதல் தளத்தின் பங்கீடுதான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு வீட்டில் அமைதியான இடமில்லை. காலை முதல் மாலை வரை ஒரே நாற்காலியில் அமர்ந்து படிக்கும் அவர்களுக்கு இடமளிப்பது நூலகத்தின் கடமை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் தங்கள் சொந்தப் புத்தகங்களை வைத்தே படிக்கிறார்கள். ஒரு தளம் முழுவதையும் அவர்களுக்கு ஒதுக்கிவிட்டுச் சிறுவர் பகுதியை மூலைக்குத் தள்ளினால், பத்து ஆண்டுகளுக்குப் பின் நூல்களைத் தேடிவரும் வாசகர்களே இல்லாமல் போவார்கள். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதைச் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். வரைபடத்தின் ஒவ்வொரு சதுர அடியையும் அந்த விதியை வைத்தே சோதித்துப் பாருங்கள்.

தேர்வுக் கூடத்துக்கு வெளியிலிருந்தே தனி வாயிலும் தனிக் கழிப்பறையும் அமைக்கச் சொல்லுங்கள். அவ்வாறு செய்தால், நூலகம் மூடிய பிறகும், கிளை நூலகங்களுக்கு வார விடுமுறையான வெள்ளிக்கிழமையிலும், ஒரு காவலரை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கூடத்தைத் திறந்து வைக்க முடியும். சிறுவர் பகுதியையோ நூலகரின் மேசையிலிருந்து நேராகப் பார்க்கக்கூடிய இடத்தில், வாசிப்புக் கூடத்திலிருந்து ஒரு சுவரால் பிரித்து அமைக்க வேண்டும். பிள்ளைகள் சத்தமாக வாசிக்க வேண்டும். கதை கேட்டுச் சிரிக்க வேண்டும். அவர்களை அதட்டி அடக்கும் நிலைக்கு நூலகரைத் தள்ளும் கட்டடம் பிழையான கட்டடம்.

கருத்தைத் திரட்டுவதற்குக் கூட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாலையில் பள்ளி வாயிலிலும், பொருள் வழங்கும் நாளில் நியாய விலைக் கடையிலும் நின்று கேளுங்கள். ‘என்ன வசதி வேண்டும்?’ என்று கேட்டால் எல்லோரும் குளிர்சாதன வசதி என்பார்கள். ‘எந்த நேரத்தில் உங்களால் வர முடியும், யாரை உடன் அழைத்து வருவீர்கள், இதுவரை வராமல் இருந்ததற்குக் காரணம் என்ன?’ என்று கேளுங்கள். வரைபடத்தை மாற்றக்கூடிய விடைகள் அப்போதுதான் கிடைக்கும்.

மறுமொழி 2: கட்டுமானப் பொறியாளர்

வெள்ளத்தைப் பற்றிய கவலைக்கு ‘நூல்களை மேல் தளத்துக்கு மாற்றுங்கள்’ என்ற பதில் எளிதில் தோன்றும். கூட்டத்தில் யாரேனும் அதைச் சொல்லிக் கைதட்டலும் பெறக்கூடும். ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும்.

சுமைகளுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதியின்படி, குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமைக்கு வடிவமைத்தால் போதும். நூல்களைத் தனியே வேறிடத்தில் வைத்திருக்கும் வாசிப்பு அறைக்கு 300 கிலோவும், நூல்களும் அங்கேயே இருந்தால் 400 கிலோவும் கொள்ள வேண்டும். நூல் அடுக்குகள் நெருக்கமாக நிற்கும் அறைக்கோ 2.2 மீட்டர் உயரம் வரை 600 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 200 கிலோ கூடும். முதல் தளம் இப்போது படிப்புக் கூடமாகக் கணக்கிடப்பட்டிருந்தால், கட்டி முடித்த பின் அங்கே அடுக்குகளை ஏற்றுவது ஆபத்தானது. எனவே முதல் தளம் முழுவதையும் இப்போதே 600 கிலோவுக்கு வடிவமைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். உத்தரங்களுக்கும் தூண்களுக்கும் ஆகும் செலவு ஓரளவு கூடும். ஆயினும் பிற்காலத்தில் எந்தப் பகுதியை எங்கே மாற்றினாலும் கட்டடம் தாங்கும்.

தரைத்தளத்தைத் தெரு மட்டத்திலிருந்து எவ்வளவு உயர்த்துவது என்பது அடுத்த சிக்கல். முந்தைய வெள்ளங்களில் நீர் நின்ற அளவு உங்கள் தெருச் சுவர்களில் கறையாக இன்னும் தெரிந்தால், அதை அளந்து, புகைப்படத்தோடு கூட்டத்தில் கொடுங்கள். வெள்ளத்துக்கு அஞ்சி நான்கடி உயர்த்தினால், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற விகிதத்தில் 48 அடி ஓட வேண்டும். இடையே நின்று திரும்புவதற்குச் சமதளங்களும் வேண்டும். இரண்டு கிரவுண்டு நிலத்தில் அது பெரும் பங்கு. இதை இப்போதே வரைபடத்தில் காட்டாவிட்டால், கடைசியில் ஏற முடியாத செங்குத்தில் ஒரு சாய்தளத்தை ஒட்டவைத்துவிடுவார்கள்.

மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் வைக்க உடன்படாதீர்கள். மாலை வெயில் தாள்களையும் வாசகர்களையும் ஒருசேர வாட்டும். வாசிப்பு மேசைகளுக்கு வடக்கு வெளிச்சமே நல்லது. அடித்தளம் போடும்போதே கரையான் தடுப்பு மருந்து செலுத்தவும், மின் இணைப்புப் பெட்டியை வெள்ள மட்டத்துக்கு மேலே வைக்கவும் மறவாமல் கேளுங்கள்.

மறுமொழி 3: பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியை

பொறியாளர் ஐயாவின் கணக்கை மதிக்கிறேன். ஆனால் நூல்கள் முழுவதையும் மேலே ஏற்றிவிட்டு, மின்தூக்கியை ‘பின்னர் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திவைத்தால், முதியோருக்கும் எங்களைப் போன்றோருக்கும் நூலகம் நாளிதழ் படிக்கும் திண்ணையாக மட்டுமே எஞ்சும். மின்தூக்கி இல்லாமல் நூல்களை மேலே மாற்றக் கூடாது என்பதைச் சங்கத்தின் நிபந்தனையாகவே வையுங்கள்.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பகுதி தரைத்தளத்திலேயே இருக்கிறது. ஒரு சிறிய கிளை நூலகத்தால் அவ்வளவு பெரிய பகுதியை அமைக்க முடியாது என்பதை அறிவேன். ஆனால் ஒரு கணினி, காதொலிக் கருவி, திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் ஆகியவை போதும். தமிழையும் அது வாசித்துக்காட்டும். இந்த மேசையை வாயிலுக்கு அருகே வைக்கச் சொல்லுங்கள்.

கழிப்பறையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கட்டடத்தின் பின்புறம், வெளிச்சமில்லாத சந்து வழியாகச் செல்ல வேண்டிய கழிப்பறையைப் பெண்கள் பயன்படுத்த மாட்டார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் நீண்ட நேரம் நூலகத்தில் விட்டுவைக்கவும் மாட்டார்கள். கூடத்தின் உள்ளிருந்தே செல்லும் வழியும், சக்கர நாற்காலி நுழையுமளவு அகலமான கதவும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இவற்றின் அடிப்படையில் ஓர் ஏற்பாட்டை முன்வைக்கலாம் என நினைக்கிறேன். தரைத்தளத்தில் நாளிதழ், சிறுவர் பகுதி, பேசும் கணினி, அவசரத்தில் தூக்கிச் செல்லக்கூடிய எண்ணிக்கையில் நூல்கள், முதல் தளத்தில் முதன்மை நூல் அடுக்குகளும், தனி வாயிலோடு தேர்வுக் கூடமும், மின்தூக்கி முதற்கட்டத்திலேயே. தரைத்தளத்தில் இருக்கப்போகும் சிறுவர் நூல்களை வெள்ளத்திலிருந்து எவ்வாறு காப்பது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற கிளை நூலகர்

சிறுவர் நூல்களுக்குச் சக்கரம் பொருத்திய தாழ்வான அடுக்குகளைக் கேளுங்கள். பிள்ளைகளின் கைக்கும் எட்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் மின்தூக்கி வழியாக மாலைக்குள் மேலே ஏற்றிவிடலாம். அந்த அடுக்கு நுழையுமளவு மின்தூக்கியின் கதவு அகலமாக இருக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்த்துவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் எந்தெந்தக் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன, எவை மறுக்கப்பட்டன, என்ன காரணத்தால் என்ற குறிப்பைக் கையொப்பத்தோடு கேட்டுப் பெற்று, இப்போதைய நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள்.