ஒரே சுவர், இரண்டு முறை கண்ணாடி டைல்ஸ்: எங்கள் குளியலறை அனுபவம்

திருச்சியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரே சுவருக்கு இரண்டு முறை கண்ணாடி டைல்ஸ் ஒட்டியிருக்கிறோம். முதலில் ஒட்டியது 14 மாதத்தில் உதிர்ந்தது. அடுத்து ஒட்டியது ஆறாவது ஆண்டாக நிற்கிறது. இரண்டு முறையும் வாங்கியது அதே கடை, அதே வகை. கண்ணாடி டைல்ஸ் என்றாலே உழைக்காது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளிர்பச்சை நிறம். 20 மி.மீ. சதுரச் சில்லுகள், 4 மி.மீ. கனம். முகப்பில் காகிதம் ஒட்டி, ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான தாள்களாக வந்தன. முதலில் வந்த கொத்தனார் பீங்கான் டைல்ஸ் பதிப்பதில் கைதேர்ந்தவர். வழக்கம்போலச் சாம்பல் சிமெண்டைக் குழைத்து ஒட்டிவிட்டார். காகிதத்தை உரித்ததுமே எனக்கு மனம் விட்டுப்போயிற்று. கடையில் இளந்தளிர் போல இருந்த பச்சை, சுவரில் பாசி பிடித்த தொட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. கரண்டி இழுத்த கோடுகள்கூட வரிவரியாகத் தெரிந்தன. ஒளி ஊடுருவும் கண்ணாடி பின்னால் இருப்பதை மறைக்காது என்பது அன்றுதான் புரிந்தது.

நிறத்தைப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் வெந்நீர்க் குழாய்ப் பக்கம் தட்டினால் ‘டொக் டொக்’ என்று சத்தம் வரத் தொடங்கியது. ஒருநாள் காலை தரையில் பதினொரு சில்லுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி முதுகு பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுச் சிமெண்ட் ஒட்டவில்லை. பீங்கான் டைல்ஸின் முதுகு தண்ணீரை உறிஞ்சும். சிமெண்ட்பால் அந்த நுண்துளைகளில் புகுந்து பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் துளையே கிடையாது. வெறும் சிமெண்டுக்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்?

இரண்டாம் முறை எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் பூச்சை மட்டப்பலகை வைத்துச் சரிசெய்தோம். அதன்மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. பிறகு பாலிமர் கலந்த வெள்ளைப் பசை. மூட்டையில் டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15477 முத்திரையும், கண்ணாடிக்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று நானே படித்துப் பார்த்து வாங்கினேன். இம்முறை வந்த மேஸ்திரி முதலில் பல் வைத்த கரண்டியால் பசையை இழுத்தார். பிறகு அதன் தட்டைப் பக்கத்தால் அந்த வரிகளை நீவி மட்டமாக்கிவிட்டுத் தாளைப் பதித்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டினார்.

காகிதம் உரிப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பஞ்சால் தண்ணீர் ஒற்றி ஒற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டார். மேல் மூலையைப் பிடித்து, தன் பக்கம் இழுக்காமல், சுவரை ஒட்டியே குறுக்காகக் கீழே கொண்டுவந்தார். மூன்று நான்கு சில்லுகள் சற்று நகர்ந்தன. விரல் நுனியால் தள்ளி அவற்றை வரிசைக்குக் கொண்டுவந்தார். பசை இறுகிவிட்டால் அதற்கு வழியே இல்லை.

கண்ணாடி ஈரத்தைக் குடிக்காததால் பசையில் இருக்கும் தண்ணீர் வெளியேற நாளாகும். மூன்று நாள் விட்டுத்தான் சில்லுகளின் இடைவெளியை அடைக்கும் கிரவுட் போட்டோம். மேலும் பத்து நாள் வீட்டில் ஐந்து பேரும் கொல்லைப்புறத்தில் குளித்தோம். மாமியார் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அவருக்குத்தான் அந்தப் பச்சை மிகவும் பிடித்திருந்தது.

*

அக்கா மேலே எழுதியது அத்தனையும் சரி. மதுரையில் 22 ஆண்டுகளாக டைல்ஸ் வேலை செய்கிறேன். சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் கிரவுட் அடைக்க வேண்டாம். ரப்பர்போல நெகிழும் சிலிக்கோன் பசை வைக்க வேண்டும். வெயிலில் கண்ணாடி பீங்கானைவிடக் கூடுதலாக விரியும். மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் இடம் விடாமல் இறுக்கி ஒட்டிய அடர்நீல டைல்ஸ் ஒரே கோடையில் விரிசல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். மணல் கலந்த கிரவுட் கண்ணாடியைக் கீறும், மணலில்லாததையே கேட்டு வாங்குங்கள். சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எப்பாக்சி கிரவுட் போட்டால் அன்றே, உடனுக்குடன் துடைத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பனிப்படலம் போல நின்றுவிடும்.

வெட்டுவதற்குத் தண்ணீர் ஊற்றி வெட்டும் மெஷினில் நைஸ் டயமண்ட் பிளேடு வேண்டும். சாதாரண பிளேடு ஓரத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரையும் வெட்ட விடாதீர்கள். சோப்புத் தட்டு மாட்டத் துளை போடுபவர் டிரில்லில் ஹேமரை, அதாவது அடித்துத் துளைக்கும் இயக்கத்தை, நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீங்கானில் ஒரு நாள் வேலை கண்ணாடியில் இரண்டு நாள் பிடிக்கும். சதுர அடிக் கூலியைப் பீங்கான் கணக்கிலேயே பேசினால் ஆள் அவசரப்படத்தான் செய்வான். அக்கா வீட்டு முதல் கொத்தனாருக்கு இந்த வேலையை யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

*

சென்னை, பெசன்ட் நகர். சுவரைப் பற்றி எழுதிவிட்டீர்கள், தரையைப் பற்றி நான் சொல்கிறேன். நுழைவாயிலில் பெரிய கண்ணாடி டைல்ஸ் போட்டோம். எடை தாங்குவதில் ஒரு குறையும் இல்லை. பீரோவை நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லை. எங்களைத் தோற்கடித்தது கடற்கரை மணல். பத்து வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் மணலில் உள்ள குவார்ட்ஸ் 7, கண்ணாடி 6-க்கும் கீழே. செருப்போடு வரும் மணல் இரண்டே ஆண்டில் கதவிலிருந்து கூடம் வரை ஒரு மங்கலான நடைபாதையைத் தேய்த்துவிட்டது. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தத் தடம் தனியாகத் தெரியும். ஈரக்காலில் அப்பா ஒருமுறை வழுக்கி விழுந்தார், நல்லவேளை அடி பலமில்லை. அந்த மாதமே பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டுவிட்டோம். குளிக்கும் இடத்தில் மட்டும் சிறு சில்லுகள் இன்னும் இருக்கின்றன. இடைக்கோடுகள் நிறைய இருப்பதால் கால் நன்றாகப் பிடிக்கிறது.

போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு என்ன செய்கிறீர்கள் அக்கா?

*

குளித்து முடித்ததும் ரப்பர் பட்டை வைத்த துடைப்பானால் சுவரில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். குளியலறை வாசலிலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். எலுமிச்சை, ஆசிட் பக்கம் போவதில்லை. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் சிமெண்ட் கிரவுட்டை அரித்துவிடும். மிச்சமான இரண்டு தாள்களைப் பரணில் எடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை அவற்றுக்கு வேலை வரவில்லை.