கோ-ஆப் கல்விக்கு ஒரு தமிழ்ச்சொல்: 'ஊடுபணிக் கல்வி' பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகப் பல்கலைக்கழக விண்ணப்பம் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். பெரும்பகுதி முடிந்துவிட்டது. 'கோ-ஆப்' என்று இங்கே எல்லோரும் அழைக்கும் படிப்பு முறையை விளக்கும் பக்கத்தில்தான் நின்றுபோயிருக்கிறேன். மாணவர் தம் பாடத்தோடு தொடர்புள்ள நிறுவனமொன்றில் ஊதியம் பெற்றுச் சில மாதங்கள் வேலை பார்க்கிறார். அந்த வேலைக்காலம் பட்டத்துக்குரிய கணக்கில் சேர்கிறது. பிறகு அவர் வகுப்புக்குத் திரும்புகிறார். இப்படி மாறி மாறிச் சென்று படிப்பு நிறைவடைகிறது. இதை ஒரு தாயாருக்கு விளக்கியபோது, "அப்ப பிள்ளை படிப்பைக் குழப்பிப்போட்டு வேலைக்குப் போறானோ?" என்று கவலையோடு கேட்டார். அவருடைய கவலையைத் தீர்க்கக்கூடியதாக நம் சொல் அமைய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கூட்டுறவுக் கல்வி' கிடைக்கும். ஆனால் கூட்டுறவு என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவன கூட்டுறவு வங்கியும் பண்டகசாலையும், இலங்கையில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும்தான். சென்னை நடேசன் கூட்டுறவு மேலாண்மை நிலையம் போன்ற இடங்களில் கற்பிக்கப்படுவதற்கே தமிழ்நாட்டில் அந்தப் பெயர் முறையாக உரியது. ஒரு பொருளில் இவ்வளவு ஆழமாக வேரூன்றிய சொல்லை வேறொன்றுக்கு வைத்தால், படிப்பவர் முதலில் தவறாகப் புரிந்துகொண்டு, பிறகு தம்மைத் திருத்திக்கொள்ள நேரும்.

அந்த ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்பதைப் பார்த்தாலும் அதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை என்பது தெரியும். 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 27 மாணவர்களோடு இம்முறையைத் தொடங்கினார். மாணவர்கள் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரத்தில் மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார், அடுத்த வாரம் இருவரும் இடம் மாறிக்கொள்வர். இதனால் தொழிற்சாலையில் அந்த வேலையிடம் ஒரு வாரம்கூடக் காலியாக இருக்கவில்லை. பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் ஒத்துழைத்ததால் 'கூட்டுறவு' என்று பெயராயிற்று. அதாவது, அப்பெயர் ஏற்பாட்டைச் செய்த இரு தரப்பாரைக் குறிக்கிறதே தவிர, அதனுள் மாணவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை.

கனடாவில் இது வேரூன்றியது வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில். பி.எப். குட்ரிச் டயர் நிறுவனத்தின் கனடியத் தலைவராக இருந்த ஐரா நீடில்ஸ் 1956-இல் ஆற்றிய உரை ஒன்றில், நாட்டுக்குத் தேவையான பொறியாளர்களை உருவாக்க இம்முறையை முன்மொழிந்தார். 1957-இல் வகுப்புகள் தொடங்கின. இன்று அங்கே பொறியியல் மாணவருக்கு எட்டுப் படிப்புப் பருவங்களும் அவற்றுக்கிடையே ஆறு பணிப் பருவங்களும் உண்டு. ஒவ்வொன்றும் நான்கு மாதம். நான்காண்டுப் பட்டம் நான்கு ஆண்டு எட்டு மாதமாக நீள்வது இதனால்தான்.

பிற மொழியினர் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துக்கொள்ளவும் இல்லை. இதற்கு நெருக்கமான தம் முறையை ஜெர்மானியர் 'இரட்டைப் படிப்பு' என்ற பொருளில் அழைக்கின்றனர். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் 'வேலையும் படிப்பும் மாறிமாறி வருதல்' என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுத் தொடர் வழங்குகிறது. அங்கேயே செர்புரூக் பல்கலைக்கழகம் 1966 முதல் 'கூட்டுறவு' என்ற பொருளுடைய சொல்லையும் ஆள்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கியூபெக்கின் முதல் வழியே சரியாகப் படுகிறது: வேலையும் படிப்பும் ஒன்றின் நடுவே ஒன்று வருவதுதான் இதன் தனித்தன்மை.

அந்தத் தன்மைக்கு நம் உழவரிடமே ஒரு சொல் இருக்கிறது. தென்னை காய்ப்புக்கு வரும்வரை இடைவெளியில் வாழை வைப்பதை ஊடுபயிர் என்கிறோம். ஊடுபயிர் தலைப்பயிரைக் கெடுப்பதில்லை. தலைப்பயிர் பலன் தருமுன்பே வீட்டுக்கு வருமானம் தருகிறது. படிப்புக்கு ஊடாக வரும் வேலையும் அப்படியே என்பதால் 'ஊடுபணி' என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். முறை 'ஊடுபணிக் கல்வி' ஆகும். வேலைக்காலம் 'ஊடுபணிப் பருவம்' ஆகும். மாணவர் 'ஊடுபணி மாணவர்' ஆவார். ஊடகம், ஊடுகதிர், ஊடுருவல் ஆகியவை ஏற்கெனவே நிலைபெற்றிருப்பதால் ஊடல் என்ற சொல் குறுக்கே வந்து குழப்பும் என்ற அச்சமும் வேண்டியதில்லை.

எனக்குத் தீராமல் நிற்பது, பட்டத்துக்காக மாணவர் படித்து முடித்த அளவைக் கணக்கிட வழங்கும் 'கிரெடிட்' என்ற சொல். இதைக் 'கடன்' என்று பெயர்த்து, 'வேலை செய்து கல்லூரிக் கடன் பெறலாம்' என்று எழுதிவிடுகிறார்கள். பிள்ளையின் கல்விச் செலவுக்கு வங்கிக் கடனை எண்ணி உறங்காமல் இருக்கும் தந்தை இதைப் படித்தால் என்ன நினைப்பார்? இலங்கைத் தேர்வுகளின் 'திறமைச் சித்தி'யும் இங்கே உதவாது, அது தேர்ச்சியின் தரத்தைக் குறிப்பது. 'கல்லூரி' என்பதும் சிக்கலானதே. யாழ்ப்பாணத்தாருக்குக் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். எனவே அதைத் தவிர்த்துப் 'பட்டப்படிப்பு' என்றே எழுதுகிறேன். கிரெடிட்டுக்கு நல்ல சொல் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து

—

மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இந்த முறையின் நெருங்கிய உறவினர் ஒருவர் நெடுங்காலமாக இருக்கிறார். பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) தொழில்நுட்பக் கல்லூரியில், வகுப்புகளுக்கு இடையிடையே தொழிற்சாலைப் பயிற்சி வரும் இயந்திரப் பொறியியல் 'சாண்ட்விச்' படிப்பு மற்றவற்றைப் போல நான்கு ஆண்டுகளில் முடியாமல் ஐந்தாண்டு நடக்கும். பாலிடெக்னிக் பட்டயப் படிப்பிலும் சாண்ட்விச் உண்டு. நான் அப்படிப் பயின்றவன். அதற்குத் தமிழில் பெயரே வைக்காமல் இத்தனை ஆண்டுகள் கழித்துவிட்டோம் என்பதை உங்கள் மடல் கண்டபின்தான் உணர்ந்தேன். ஊடுபணிக் கல்வி என்பது அதற்கும் பொருந்தும் என்பதால் மகிழ்ச்சி.

ஆனால் இரண்டு ஐயங்கள் உள்ளன. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் தென்னைக்கு ஊடாகக் கொக்கோ போட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே நிலத்தில் நிற்கின்றன. நீங்கள் சொல்லும் முறையிலோ ஒன்று முடிந்தபின் மற்றது வருகிறது. உழவர் பேச்சில் அது பயிர் சுழற்சி. அப்படியானால் 'சுழற்சிப் பணி' என்பதல்லவா துல்லியமானது?

அடுத்தது ஊதியம். 'பணி' என்ற சொல் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இருக்கிறது. அங்கே மாணவர்க்குச் சம்பளம் இல்லை. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பயிற்சி பெறுவோர்க்குக் கொடுக்கப்படுவதை நாம் 'உதவித்தொகை' என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், உழைத்தவர்க்கு உரியதை இரக்கப்பட்டுக் கொடுப்பதுபோல் தோன்றி எனக்கு வருத்தமாக இருக்கும். புதிய சொல்லில் ஊதியம் தெளிவாகத் தெரிய வேண்டாமா?

கிரெடிட்டுக்குத் 'தகுதிப்புள்ளி' என்பதைப் பரிந்துரைக்கிறேன். மாணவர் பெற்ற கிரெடிட்டுகளைக் கணக்கில் சேர்த்துவைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கொண்டுவந்த கிரெடிட் சேமிப்பகத்தை யாரேனும் 'கல்விக் கடன் வங்கி' என்று எழுதிவிடுவதற்கு முன் ஒரு சொல்லை நிலைநிறுத்தியாக வேண்டும் என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு.

—

மறுமொழி

அன்புள்ள ஐயா, உங்கள் ஐயங்கள் என்னை நெடுநேரம் எண்ண வைத்தன. சாண்ட்விச் படிப்பையும் இச்சொல்லுக்குள் சேர்க்கலாம் என்றது பெரும் உதவி. ஏற்கெனவே நடைபெறும் ஒன்றைத் தாங்கக்கூடிய சொல்லே நிலைக்கும்.

சுழற்சியைப் பற்றி: பருவம் பருவமாகப் பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் பயிர் சுழற்சியில் முதல் பயிர் அறுவடையாகி முடிந்த பிறகே அடுத்தது விதைக்கப்படுகிறது. இங்கே பட்டப்படிப்பு என்ற தலைப்பயிர் முழுக்காலமும் நிலத்திலேயே நிற்கிறது; மாணவர் வேலைக்குச் சென்ற நான்கு மாதங்களிலும் அவர் பல்கலைக்கழகத்தின் மாணவரே, அங்குள்ள பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது, முடிவில் அவர் பணிப் பருவ அறிக்கையை எழுதி அளிக்க வேண்டியிருக்கிறது. என்னிடம் கேள்வி கேட்ட தாயார் அறிய விரும்பியதும் இதையே. 'சுழற்சி' என்றால் படிப்பு நின்றுவிட்டு மீண்டும் தொடங்குவதாகப்படும். அதோடு, மருத்துவமனையிலும் ஆலையிலும் சுழற்சி முறைப் பணி என்பது இரவு பகல் முறைமாற்றத்துக்கு வழங்கிவிட்டது.

ஊதியத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். 'ஊதிய ஊடுபணிக் கல்வி' என்று நீட்டிப் பார்த்தேன், நாவில் நிற்கவில்லை. எனவே சொல்லைச் சுருக்கமாக வைத்து, வரையறையில் 'ஊதியம் பெற்று' என்பதைத் தவறாமல் எழுதுவோம், உதவித்தொகை என்பதை இந்தப் பக்கத்தில் எங்கும் ஆளாதிருப்போம். ஒன்டாரியோ உயர்நிலைப் பள்ளிகளிலும் கோ-ஆப் என்ற பெயரில் ஒரு பாடம் உண்டு. அது பெரும்பாலும் ஊதியமற்றது. அதற்கு இச்சொல்லைக் கொடுக்காமல் 'பணியிடக் கற்றல்' என்று தனியாக வைக்கிறேன். பிள்ளை பள்ளியில் ஊதியமின்றிச் செய்ததையும் பல்கலைக்கழகத்தில் ஊதியத்தோடு செய்யப்போவதையும் பெற்றோர் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.

தகுதிப்புள்ளியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஈழத்தில் புள்ளி என்றால் மதிப்பெண். 'எண்பது புள்ளி எடுத்தான்' என்பது எங்கள் வீட்டு வழக்கு. கிரெடிட் மாணவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதை அளப்பதன்று. எவ்வளவு நேரம் கற்றலில் செலவிட்டுத் தேறினார் என்பதை அளப்பது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட் என்கிறது. ஐரோப்பிய முறையில் அது 25 முதல் 30 மணி. ஒன்டாரியோ உயர்நிலைப் பள்ளியில் 110 மணி. நேரத்தால் அளக்கப்படும் ஒன்றுக்கு 'அலகு' என்ற சொல் இயல்பாக அமைகிறது. வெறும் அலகு பாடப்பிரிவையும் குறிக்கும் என்பதால் 'மதிப்பலகு' என்று வைக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட சேமிப்பகமும் 'மதிப்பலகு வைப்பகம்' என்றால் கடன் என்ற பேச்சுக்கே இடமிராது.

கையேட்டில் முதல்முறை வருமிடத்தில் வழக்குச் சொல்லையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன். பிழையிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்று அச்சுக்குப் போகிறது:

"கோ-ஆப் எனப்படும் ஊடுபணிக் கல்வியில் உங்கள் பிள்ளை படிப்பை நிறுத்துவதில்லை, படிப்புக்கு ஊடாக, அதனோடு தொடர்புள்ள வேலையை ஊதியம் பெற்றுச் செய்கிறார். ஒவ்வோர் ஊடுபணிப் பருவமும் பட்டத்துக்குரிய மதிப்பலகுகளில் சேருமா, அன்றித் தனித் தேவையாகக் கணக்கிடப்படுமா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். விண்ணப்பிக்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்."