தொப்பைக்குக் காபிதான் காரணமா? சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று முதலில் சொல்லுங்கள்

கும்பகோணத்தான்:
நேற்று பேலியோ பாண்டி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "மூன்று மாதம் காபியை நிறுத்தினேன், இடுப்பு 38 அங்குலத்திலிருந்து 34க்கு வந்துவிட்டது. தொப்பைக்கு முழுக் காரணம் காபிதான்" என்கிறார். எனக்கு வயது 58. நாற்பது வருடமாக நாளைக்கு மூன்று டிகிரி காபி குடிக்கிறேன். இன்றைக்கும் பேன்ட் அளவு 32தான். ஒரு காபிக்கு ஊற்றும் டிகாக்‌ஷனில் பத்து கலோரிகூடத் தேறாது. அதில் தொப்பை எங்கிருந்து வரும்? பாண்டி குடித்த காபியில் சர்க்கரை எத்தனை ஸ்பூன்? அதை மட்டும் சொல்லட்டும்.

பேலியோ பாண்டி:
நான் டேப் வைத்து அளந்து எழுதினேன். வாய்க்கு வந்ததை எழுதவில்லை. வீட்டில் இரண்டு, ஆபீசில் மூன்று என்று நாளைக்கு ஐந்து காபி. நிறுத்தினேன், குறைந்தது. அரிசியையும் விட்டேன். காலையில் 100 பாதாம், மதியம் முட்டையும் காய்கறியும், இரவு கறி. உங்களுக்கு 32 என்றால் அது உங்கள் உடல்வாகு. அதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

கும்பகோணத்தான்:
அரிசியையும் விட்டீர்களா! இதை நேற்று ஏன் எழுதவில்லை? மூன்று வேளைச் சோற்றை விட்டுவிட்டு, குறைந்ததற்குக் காபியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? ஒரு பாதாமுக்கு ஏழு கலோரி. நூறு பாதாம் என்றால் 700. அதற்கு நான் ஐந்து காபி குடித்துவிடுவேன். கேள்வி அப்படியே நிற்கிறது தம்பி. சர்க்கரை எத்தனை ஸ்பூன்?

பேலியோ பாண்டி:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்கும் 46 வயது ஆகிறது. போன மாதம் தேங்காய் எண்ணெய் விவாதத்திலும் இப்படித்தான், "தம்பி, தம்பி" என்று தட்டிக்கொடுப்பது போல ஆரம்பித்து என்னை மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

உணவியல் மாணவி:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் கேளுங்கள். 6 சதவீதக் கொழுப்புள்ள பால் 100 மில்லிக்கு ஏறக்குறைய 90 கலோரி. தட்டையாக எடுத்த இரண்டு தேக்கரண்டி சர்க்கரை 40 கலோரி. ஆக ஒரு தம்ளர் 130. ஐந்து தம்ளர் 650. இதை நிறுத்தினால் எடை குறையத்தான் செய்யும், ஆனால் அதற்குக் காரணம் பாலும் சர்க்கரையும் நின்றதுதான், காபித்தூள் இல்லை. காபியிலுள்ள காஃபீன் உடலின் எரிசக்திச் செலவைக் கொஞ்ச நேரம் லேசாக ஏற்றும், அவ்வளவுதான். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தேடிப்போய்க் கரைக்கிற உணவு எதுவும் கிடையாது.

தூக்கத்தையும் யாரும் பேசவில்லை. காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் பசி கூடும். அப்புறம், பேன்ட் அளவை வைத்துப் பேசாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால்தான் கவலை.

கும்பகோணத்தான்:
பார்த்தீர்களா? படிக்கிற பிள்ளையே சொல்லிவிட்டது, காபித்தூள் இல்லை என்று. நான் கேட்டதும் அதுதான். இரண்டு ஸ்பூனா, மூன்று ஸ்பூனா? ஆனால் என் பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கவில்லை அம்மா. அதை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம்.

தாமிரபரணி:
அண்ணாச்சி, சர்க்கரைதானே வில்லங்கம்? கருப்பட்டி போட்டுக் குடியுங்கள். எங்கள் பக்கம் உடன்குடிக் கருப்பட்டிக் காபிதான். எங்கள் தாத்தா 90 வயது வரை அதைக் குடித்தார், வயிறு ஒட்டித்தான் இருந்தது.

கும்பகோணத்தான்:
உங்கள் தாத்தா பனை ஏறினாரா, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாரா? கருப்பட்டியும் இனிப்புதான். கிராமுக்குக் கிராம் சர்க்கரைக்குப் பக்கத்தில்தான் வரும். அதில் பாலையும் சேர்த்தால் ருசியும் போச்சு.

தாமிரபரணி:
ருசியைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? சிக்கரி கலந்த தூளைக் குடித்துவிட்டு அதைக் காபி என்று சொல்லும் ஊர்க்காரர் நீங்கள். கருப்பட்டியைக் குறை சொன்னால் எங்கள் ஊரையே குறை சொன்ன மாதிரி.

கும்பகோணத்தான்:
என் வீட்டில் சிக்கரி கிடையாது. பீபெரி, பிளான்டேஷன் என்ற இரண்டு வகைக் காபிக்கொட்டையும் சரிபாதி, கண் முன்னால் அரைத்து வாங்குகிறேன். நீங்கள்தானே போன வருடம் பச்சைக் காபிக்கொட்டை மாத்திரையால் தொப்பை கரையும் என்று இங்கே எழுதியவர்? அந்தக் கதை எங்கே தொடங்கியது தெரியுமா? நம் பெங்களூரில். வெறும் 16 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2012ல் வெளிவந்தது. ஆய்வு செய்தவர் எடைக் கணக்கையே மாற்றி எழுதினார் என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த கம்பெனி 2014ல் 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டே கட்டுரையையும் திரும்பப் பெற்றார்கள். காபி கொழுப்பைக் கரைக்கும் என்பதும் பொய், கொழுப்பை ஏற்றும் என்பதும் பொய். இரண்டு பக்கமும் என் காபியை விடமாட்டேன் என்கிறீர்கள்.

தாமிரபரணி:
நான் அந்த மாத்திரையை வாங்கி ஏமாந்தவன். விற்றவன் இல்லை. பட்டவனையே குத்திக்காட்டுகிறீர்களே, இது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா?

உணவியல் மாணவி:
சண்டையை விடுங்கள். 2024ல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்று இருக்கிறது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கிறது. நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறார்கள். வடித்த காபி 150 மில்லியிலேயே 80 முதல் 120 வரை இருக்கும். உங்கள் மூன்று காபி எல்லையில்தான் நிற்கிறது ஐயா.

கும்பகோணத்தான்:
டிபன் முடிந்த கையோடு காபி இல்லையென்றால் எனக்கு டிபனே இறங்காது. அது இரும்புச்சத்து விஷயம். இந்தத் திரி தொப்பை பற்றியது. பாண்டி இன்னும் பதில் சொல்லவில்லை.

பேலியோ பாண்டி:
ஒன்றரை ஸ்பூன்! போதுமா? ஒன்றரைதான் போட்டேன். இரண்டு இல்லை, மூன்று இல்லை.

கும்பகோணத்தான்:
எந்த ஸ்பூன்? தட்டையாக எடுத்தால் ஐந்து கிராமுக்குள் வரும். குவித்து எடுத்தால் அதே ஸ்பூனில் ஏழு, எட்டு கிராம் ஏறும். ஆபீசில் குடித்த மூன்றுக்கும் கணக்கு எங்கே? பல ஆபீஸ் காபி இயந்திரங்களில் சர்க்கரையும் பால்பொடியும் கலந்த தூளைத்தான் போடுகிறார்கள். அங்கே உங்கள் கையில் ஸ்பூனே இல்லையே.

பேலியோ பாண்டி:
நான்கு அங்குலம் குறைந்தது என் வயிற்றில். அதற்கு உங்களிடம் ரசீது காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. காபியை விட்டேன், குறைந்தது. நாளைக்கும் இதையேதான் எழுதுவேன்.

தாமிரபரணி:
கருப்பட்டிக்கு யாராவது பதில் சொன்னீர்களா?

கும்பகோணத்தான்:
தட்டையா, குவித்தா? அதைச் சொல்லாமல் இந்தத் திரியிலிருந்து நான் நகரமாட்டேன்.