அந்தப் பாட்டிலை வேண்டுமென்றே தவறவிட்டேன்

#1

2021 மே மாதம், ஊரடங்கு நேரம். மாஸ் எஃபெக்ட் என்ற வீடியோ கேமின் மூன்று பாகங்களையும் புதுப்பித்து லெஜண்டரி எடிஷன் என்று ஒரே தொகுப்பாக விட்டார்கள். 120 ஜிபி இடம் கேட்டது. எங்கள் வீட்டு இணைப்பில் இறங்கி முடிக்க மூன்று ராத்திரி ஆனது. அதில் வரும் கேரஸ் வக்கேரியனைப் பற்றி எழுதத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். உங்களுக்கும் இப்படி மனதில் தங்கிப்போன துணைக் கதாபாத்திரம் இருந்தால் எழுதுங்கள்.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: நாம் ஷெப்பர்ட் என்ற விண்கலத் தளபதி. ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். நான் பெண் ஷெப்பர்ட். கேரஸ் மனிதன் இல்லை, டூரியன் இனம். தகடு தகடாக இறுகிய முகம், உதடு கிடையாது, குரலில் ஓர் உலோக அதிர்வு. சிட்டாடல் என்ற விண்வெளி நகரத்தில் போலீஸ் வேலை பார்த்து, விதிமுறைகள் கையைக் கட்டிப்போடுகின்றன என்று வெறுத்து நம்மோடு வருகிறவன்.

முதல் பாகத்தில் (2007) அவனோடு காதலே கிடையாது. கப்பலின் கீழ்த்தளத்தில் மாக்கோ வண்டிக்குப் பக்கத்தில் நிற்பான். போய்ப் பேசினால் பழைய வழக்குகளைச் சொல்வான். உறுப்புகளைத் திருடி விற்ற ஒரு டாக்டரைச் சுட விடாமல் மேலிடம் தடுத்ததை இன்னும் ஜீரணிக்க முடியாமல் இருப்பான். 'பிடிப்பது முக்கியமா, முறையாகப் பிடிப்பது முக்கியமா' என்று அவன் குழம்பும்போது நாம் ஒரு பதில் சொல்கிறோம். அதை அவன் மனதில் வைத்துக்கொள்கிறான். நான் அவனை நல்ல கூட்டாளி என்றுதான் நினைத்திருந்தேன். வேறு எதையும் நினைக்க கேம் இடமே தரவில்லை.

கேரஸும் டாலி என்ற இன்னொரு துணைக் கதாபாத்திரமும் காதலுக்கு உரியவர்களாக வேண்டும் என்று ஆடியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் கேமை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் இரண்டாம் பாகத்தில் (2010) அதைச் சேர்த்தது. முதலிலேயே திட்டமிட்டிருந்தால் முதல் பாகத்திலேயே அவன் ஓரக்கண்ணால் பார்த்திருப்பான், இரண்டு அர்த்தத்தில் பேசியிருப்பான். எதுவும் இல்லாததால் ஒரு முழு கேம் அளவுக்கு வெறும் தோழமை மட்டும் சேர்ந்தது. இந்தக் காதலின் அஸ்திவாரம் அதுதான்.

இரண்டாம் பாகம் தொடங்கும்போதே ஷெப்பர்ட் செத்துப்போகிறாள். இரண்டு வருடம் கழித்து உயிர்ப்பிக்கிறார்கள். ஓமேகா என்ற ரவுடி ராஜ்ஜியத்தில் ஆர்க்கேஞ்சல் என்றொரு ஆளைத் தேடிப் போகிறோம். மூன்று கூலிப்படைகள் சேர்ந்து முற்றுகையிட்டும் அவன் தனியாளாக ஒரு பாலத்தைத் துப்பாக்கியோடு காத்துக்கொண்டிருக்கிறான். மேலே ஏறிப் போனால் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, களைப்போடு உட்கார்கிறான். கேரஸ்! அந்த ராத்திரி நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். செத்துப்போனவள் என்று அவன் நினைத்த நான் எதிரில் நிற்கிறேன், காணாமல் போனவன் என்று நான் நினைத்த அவன் எதிரில் இருக்கிறான். கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஏவுகணை அவன் முகத்தின் ஒரு பக்கத்தைச் சிதைத்துவிடுகிறது. அப்புறம் அந்தத் தழும்போடும் கழுத்துப் பக்கம் உடைந்த அதே கவசத்தோடும்தான் பாகம் முழுக்க நடமாடுகிறான்.

அதற்கப்புறம் அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பீரங்கி அறையில் நின்றுகொண்டு, 'அளவு சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசலாமா' என்பான். இது பெரிய கேலிப்பொருளாகிவிட்டது, தெரியும். எழுதிய வசனம் தீர்ந்துபோனால் எல்லாக் கதாபாத்திரமும் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் நம்மை அனுப்பும். ஆனால் கேரஸ் சொல்லும்போது அவனுக்கென்று ஒரு வேலை இருக்கிறது, நான் வராவிட்டாலும் அது நடக்கும் என்று பட்டது. எப்போது தட்டினாலும் கதவைத் திறக்கிறவன் மேல் எனக்கு இந்த அளவு ஏக்கம் வந்திருக்காது.

அவனுடைய தனி மிஷன் ஒன்று உண்டு. ஓமேகாவில் அவன் சேர்த்த குழுவைச் சைடோனிஸ் என்பவன் காட்டிக்கொடுத்துவிடுகிறான், கூட்டாளிகள் எல்லோரும் சாகிறார்கள். கேரஸ் அவனைக் கண்டுபிடித்துவிட்டான். நான் போய்ச் சைடோனிஸை வெளியே நிறுத்திப் பேச்சுக் கொடுக்க வேண்டும், கேரஸ் மேலிருந்து ஸ்னைப்பரால் குறி வைப்பான். திரையில் அவனுடைய ஸ்கோப் வழியாகக் காட்சி தெரிகிறது. குறிக்கோட்டில் இருப்பது என் பின்னந்தலை. காதில் அவன் குரல்: நகர்ந்துகொள். நகர்ந்தால் குண்டு பாயும், கதை முடியும். நான் நகரவில்லை. சைடோனிஸ் பேசட்டும் என்று நின்றேன். தூக்கமே வருவதில்லை, சாப்பாட்டில் ருசி தெரிவதில்லை என்று அந்தத் துரோகி சொல்வதைக் கேரஸும் கேட்கிறான். மேலே அவன் விரல் விசையில் இருக்கிறது. என் தலை நடுவில் இருக்கிறவரை அவன் சுட மாட்டான் என்று எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருப்பதற்குப் பெயர் என்ன என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். காதல் வசனம் ஒன்றுகூட அதுவரை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வருகிறது, அதுவும் ஷெப்பர்ட்தான் ஆரம்பிக்கிறாள். போர்க்களத்தில் கை நடுங்காதவன் இங்கே திக்கித் திணறுகிறான். கடைசிப் போருக்கு முந்தைய இரவு ஒயின் பாட்டிலோடு அறைக்கு வருகிறான், பாட்டுப் போடுகிறான், எதைப் புகழ்வது என்று தெரியாமல் ஏதேதோ சொல்கிறான். பிறகு நிறுத்திவிட்டு, வாழ்க்கையில் எல்லாம் கெட்டுப்போய்விட்டது, இந்த ஒன்றாவது சரியாக நடக்க வேண்டும் என்கிறான். நெற்றியோடு நெற்றி வைக்கிறார்கள். உதடு இல்லாத முகத்துக்கு அதைவிடப் பொருத்தமான முத்தம் கிடையாது.

மூன்றாம் பாகத்தில் (2012) அவன் பிறந்த கிரகம் எரிந்துகொண்டிருக்கிறது, அப்பாவும் சகோதரியும் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நடுவில் ஒரு நாள் என்னைச் சிட்டாடலின் உச்சிக்குக் கூட்டிப்போகிறான். ஏறக் கூடாத இடம். யார் நன்றாகச் சுடுகிறவர் என்று பல நாள் வாக்குவாதத்தைப் பாட்டில் தூக்கிப்போட்டுச் சுட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறான். என் முறை வரும்போது, அடிப்பதா தவறவிடுவதா என்று கேம் என்னிடம் விடுகிறது. நான் தவறவிட்டேன். அவன் கையை விரித்துக்கொண்டு, நகரம் முழுக்கக் கேட்கும்படி தன் பேரைச் சொல்லிக் கத்துகிறான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்னொருவர் ஜெயிக்க வேண்டும் என்று கேமில் நான் தோற்றது அதுதான் முதல் தடவை.

#2

அக்கா, ஸ்கோப் காட்சியைப் படித்ததும் எனக்கும் அந்த இடம் கண்முன் வந்தது. நான் நகர்ந்துவிட்டேன். அவன் பட்ட கஷ்டத்துக்கு அதுதான் நியாயம் என்று அப்போது தோன்றியது, இப்போதும் வருத்தமில்லை. அதற்கப்புறமும் அவன் என்னை நம்பினான். நீங்கள் தடுத்ததும் அன்புதான், நான் வழிவிட்டதும் அன்புதான் என்று கேம் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

#3

நான் வேறு ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பால்டர்ஸ் கேட் 3 (2023), கார்லாக். டீஃப்லிங் என்ற, நரக ரத்தம் கலந்த இனத்துப் பெண். சின்ன வயதில் நம்பி வேலை பார்த்த இடத்திலேயே நரகத்துக்கு விற்றுவிட்டார்கள். அவள் இதயத்தை எடுத்துவிட்டு அங்கே ஓர் இயந்திரத்தைப் பொருத்திப் பத்து வருடம் போரில் நிறுத்தினார்கள். தப்பி வந்துவிட்டாள், ஆனால் உடம்பு தணலாகக் கொதிக்கிறது. யாரும் தொட முடியாது.

அவள் ஒன்றும் சோகமாக மூலையில் உட்காருகிறவள் இல்லை. நரகத்திலிருந்து வந்தவளுக்குப் புல்லைப் பார்த்தாலும் கொண்டாட்டம். யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் என்று வாய்விட்டே சொல்வாள். முதல் அங்கத்தில் முகாமில் எல்லோரும் கூத்தும் கும்மாளமுமாக இருக்கும்போது அவள் மட்டும் ஒரு கை தூரம் தள்ளி நிற்பாள்.

டாமன் என்ற கொல்லனிடம் நரக இரும்பு கொண்டுபோய்க் கொடுத்தால் இயந்திரத்தைக் கொஞ்சம் சீராக்குவான். நான் வழக்கமாகக் கதையைத்தான் துரத்துவேன், பெட்டி அலமாரியைக் குடைகிறவன் இல்லை. இந்த கேமில் ஒவ்வொரு மூலையாக அந்த இரும்பைத் தேடினேன். வாளுக்காக இல்லை, கவசத்துக்காக இல்லை. இரண்டாவது தடவை லாஸ்ட் லைட் விடுதியில் டாமன் வேலையை முடித்ததும் அவள் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். சுடவில்லை! கட்டிப்பிடித்தேன். இருபது வருடமாக கேம் ஆடுகிறேன், ஒரு கட்டிப்பிடிப்புக்காக இவ்வளவு தூரம் நடந்தது இல்லை.

முழுதாகக் குணமாக்க முடியாது என்பதையும் அதே டாமன்தான் சொல்வான். நரகத்துக்குத் திரும்பினால்தான் இயந்திரம் தாங்கும். கடைசியில் அவள் எரியத் தொடங்கும்போது, கூடவே நரகத்துக்குப் போகிறேன் என்று சொல்ல ஒரு தேர்வு வரும். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

#4

கேரஸ் பதிவில் ஒன்று மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அக்கா வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனாலும் நட்பு பழகிப் பழகித்தான் காதலாக வேண்டும், மற்றதெல்லாம் மலிவு என்ற தொனி இருக்கிறது. டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009) வெறும் எண் கணக்குதான். ஒவ்வொரு துணைக்கும் நம்மைப் பிடிக்கிற அளவு மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை. பரிசு கொடுத்தால் ஏறும். அந்த அளவைக் காட்டும் பட்டையே திரையில் கண்ணுக்குத் தெரியும். நானும் கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்துக்கொண்டே போனேன்.

மோரிகன் என்ற சூனியக்காரி ஒரு நாள் முகாமில் தன் சின்ன வயதைச் சொன்னாள். காட்டில் வளர்ந்தவள். ஒரு சீமாட்டியின் வண்டியிலிருந்து அழகான தங்கக் கண்ணாடி ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். அம்மா அதைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்துவிட்டாள், அழகு ஆசை எல்லாம் பலவீனம் என்று. கேட்டுவிட்டு நான் மறந்தேபோனேன்.

பல மணி நேரம் கழித்து ஓர்ஸமார் குள்ளர் நகரத்துச் சந்தையில் ஒரு கடைக்காரனிடம் தங்கக் கண்ணாடி. சட்டென்று ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மற்றப் பரிசுக்கெல்லாம் ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டவள் இதற்கு நின்றாள். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். விலை இல்லாத பரிசு அவளுக்கு யாரும் கொடுத்ததே இல்லை. அந்த நேரம் பட்டை எவ்வளவு ஏறியது என்று நான் பார்க்கக்கூட இல்லை.

அப்புறம் அவளுக்கு உண்மையிலேயே காதல் வந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? சந்தோஷப்படவில்லை, பயந்துபோனாள். இது பலவீனம், வேண்டாம், நிறுத்திக்கொள்வோம் என்று கெஞ்சினாள். அம்மா உடைத்த கண்ணாடி அங்கே திரும்ப வந்தது.

#5

#4 தம்பி, அந்தத் தொனி என் பதிவில் இருந்தது உண்மைதான். நான் டிராகன் ஏஜ் ஆடும்போது பரிசுப் பையை மொத்தமாகக் காலி செய்துவிட்டேன். எதை யாருக்குக் கொடுத்தேன் என்றே நினைவில்லை. மோரிகன் கண்ணாடிக் கதையைச் சொல்லியிருப்பாள், நான் வேகமாகத் தட்டிவிட்டுப் போயிருப்பேன். அவளிடம் எனக்கு ஒன்றும் தோன்றாததற்குக் காரணம் அவள் இல்லை என்று இப்போது படுகிறது. நீங்கள் கேட்டு வைத்திருந்தது உங்களுக்குச் சந்தையில் உதவியிருக்கிறது. ஸ்கோப்புக்கு முன்னால் என்னை நிற்க வைத்ததும் முதல் பாகத்தில் அந்த வண்டிப் பக்கத்தில் நின்று கேட்டதுதான்.

#3 சொன்ன கார்லாக்கை நான் இன்னும் சந்திக்கவில்லை. இரும்பு எந்த எந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் எழுதிவிடாதீர்கள், நானே தேடிக்கொள்கிறேன்.

#6

கேரஸை நான் முதல் பாகத்தில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அந்த போலீஸ்காரன் எதற்கு என்று விட்டுவிட்டேன், அப்படியும் ஆடலாம். இரண்டாம் பாகத்தில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது எனக்கு அது யாரோ ஒரு டூரியன், அவ்வளவுதான். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்த இடத்தில் நான் அடுத்து எங்கே சுடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ராத்திரி முதல் பாகத்தைத் திரும்ப இறக்கப் போட்டிருக்கிறேன். நேராகக் கீழ்த்தளத்துக்குத்தான்.