இரைப்பைப் புற்று: கீமோ முடிந்தபின் லேப்ராஸ்கோப்பியா, ஓப்பனா?

தேரிமண்:
வயது 65. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி, சிடியில் டி3 (T3, கட்டி சுவருக்குள் இறங்கிய ஆழம்), பக்கத்தில் இரண்டு நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. ஃப்ளாட் (FLOT, பல மருந்துகள் சேர்ந்த) கீமோ 4 சுழற்சி முடிந்தது. ஒரு சர்ஜன் லேப் (துளை வழி லேப்ராஸ்கோப்பி) என்கிறார், இன்னொருவர் வயிற்றைத் திறந்து செய்யும் ஓப்பன்தான் என்கிறார். துளை வழியாகச் செய்தால் புற்று மிச்சம் நின்றுவிடாதா?

கத்திமுனை:
துளைதான் சின்னது, உள்ளே வேலை ஒன்றே. இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கையும், கணையத்தின் மேல்விளிம்பு வரையுள்ள கணுக்களையும் எடுக்க வேண்டும் (இந்தக் கணு நீக்கத்துக்கு டி2, D2, என்று பெயர்). பெரும்பாலும் 5 துளைகள். வெட்டியதைப் பையில் போட்டு 4-5 செ.மீ. கீறல் வழியாக எடுப்பார்கள். முற்றிய கட்டிகளுக்குச் சீனாவில் நடந்த கிளாஸ்-01 (CLASS) ஆய்வில், 3 ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் லேப்பில் 76.5%, ஓப்பனில் 77.8%. கொரியாவின் கிளாஸ்-02 ஆய்விலும் (இது KLASS; தமிழில் இரண்டும் ஒரே பெயராகிவிடுகிறது!) 80.3%, 81.3%. மிச்சம் நிற்குமென்ற பயம் வேண்டாம்.

வார்டு12:
சார், அவை கீமோ இல்லாமல் நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களின் கணக்கு. கீமோவுக்குப்பின் திசு ஒட்டிக்கொண்டு தொட்டால் ரத்தம் கசியும். இவருக்குப் பொருந்துவது நெதர்லாந்தின் லாஜிகா ஆய்வு. அதில் பெரும்பாலோர் முன்கீமோ எடுத்தவர்கள். எடுத்த கணு எண்ணிக்கையில் லேப்புக்கும் ஓப்பனுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 'சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்' என்ற பேச்சும் அதில் நிற்கவில்லை: இரு பக்கமும் சராசரி 7 நாள்தான்.

கத்திமுனை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சர்ஜனிடம் கேட்க வேண்டியது தழும்பைப் பற்றி அல்ல. அவர் முன்பு ஆபரேஷன் செய்தவர்களின் பேதாலஜி ரிப்போர்ட்டுகளில் வழக்கமாக எத்தனை கணு வருகிறது? 16-க்குக் குறைந்தால் நிலையைச் சரியாகக் கணிக்கவே முடியாது. கீமோவில் கட்டி சுருங்கியிருந்தால் லேப்பில் கையால் தடவிப் பார்க்க வழியில்லை. முன்கூட்டியே எண்டோஸ்கோப்பியில் கட்டி இருக்கும் இடத்துக்கு அடையாளமாகக் கிளிப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெட்டும் கோடு கட்டிக்கு நெருங்கிவிடும். எப்படியும் முதலில் கேமரா விட்டு வயிற்றுச் சவ்வைப் பார்த்து, கழுவிய நீரைச் சோதனைக்கு அனுப்புவது நல்லது. கட்டி கணையத்திலோ பெருங்குடலிலோ ஒட்டியிருந்தால் ஓப்பனே சரி. நடுவில் ஓப்பனுக்கு மாறினால் அது தோல்வி ஆகாது.

வார்டு12:
ஆபரேஷனுக்குப்பின் டிரெய்னை (வயிற்றிலிருந்து நீர் வெளியேற வைக்கும் குழாயை) கவனியுங்கள். பித்த நிறத்தில் வந்தால் டியோடினத்தின் (சிறுகுடலின் தொடக்கப் பகுதியின்) மூடிய முனை பிரிகிறது என்று சந்தேகிக்கலாம். 3-ஆம் நாள் டிரெய்ன் நீரில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் நொதி), ரத்தத்தின் இயல்பு உச்சத்தைவிட 3 மடங்கைத் தாண்டினால் கணையம் கசிகிறது. லேப்பில் உதவியாளர் கணையத்தை அழுத்திப் பிடிப்பதும் அதற்கு ஒரு காரணம். காய்ச்சலுக்குக் காத்திராமல், நாடி ஏறினாலே டாக்டரிடம் சொல்லுங்கள்.